ஜெபமாலைக்காக நிறுத்திய மோட்டார்

புதன்கிழமையிலிருந்து அவெலினோ போர்பாவுக்குச் சாப்பாடு இறங்கவில்லை. கிரீடம் வீட்டுக்கு வந்த சந்தோஷத்தில் மனுஷனுக்குப் பசி மறந்துவிட்டது என்று ஊர் பேசிக்கொண்டது. ஊர் சில சமயம் ரொம்ப நல்லதாக நினைத்துவிடும். அதைத் தாங்குவதுதான் கஷ்டம்.

எங்கள் பள்ளத்தாக்கில் ஈஸ்டர் முடிந்ததும் பரிசுத்த ஆவியின் வெள்ளிக் கிரீடம் வாரத்துக்கு ஒரு வீடாகப் போகும். சீட்டுக் குலுக்கி வீடுகளைத் தேர்ந்தெடுப்பார்கள். அவெலினோவின் மனைவி உம்பெர்த்தா உயிரோடு இருந்தவரை வருஷா வருஷம் பெயர் கொடுத்தாள், ஒரு தடவையும் விழவில்லை. அவள் போய்ச் சேர்ந்த பிறகு இந்த வருஷம்தான் விழுந்தது. வரவேற்பறையில் அவளுடைய கல்யாண மேஜைவிரிப்பின் மேல், ரோஜாக்களுக்கு நடுவே, கிரீடம் உட்கார்ந்திருக்கிறது. தினமும் சாயங்காலம் அக்கம்பக்கத்தார் வந்து ஜெபமாலை சொல்லிவிட்டுப் போகிறார்கள்.

புதன்கிழமை நடந்ததைச் சென்ற வாரம் படித்தவர்களுக்குத் தெரியும். மற்றவர்களுக்காகச் சுருக்கமாகச் சொல்கிறேன்.

கால்வாய்த் தண்ணீர் முறை இன்னும் வரவில்லை. மக்காச்சோளம் விதைக்கும் முன் வயலை ஊறப்போட்டாக வேண்டும். அதனால் கிணற்று மோட்டாரையும் சாணிக்குளத்து மோட்டாரையும் சேர்த்து ஓட்டினார்கள். மாட்டுக் கொட்டகைகளைக் கழுவி வரும் தண்ணீர் முழுக்க அந்தக் குளத்தில்தான் சேரும். எங்கள் சோளத்துக்கு அதுதான் உரம். ஆனால் தனியாகப் பாய்ச்சினால் பயிரைக் கருக்கிவிடும். கிணற்றுத் தண்ணீரும் அதுவும் ஒரு சிமெண்டுத் தொட்டியில் கலந்து, அங்கிருந்து வயலுக்குப் போகும்.

கிணற்று மோட்டார் போர்பா வீட்டு வரவேற்பறைச் சுவருக்குப் பின்னால் நிற்கிறது. அது ஓடினால் பக்கத்தில் இருப்பவர் பேசுவதுகூடக் கேட்காது. அன்று ஜெபத்தை நடத்தியவள் எதிர்வீட்டு ஒதேத் மசியேல். பாவம், பாதி ஜெபமாலையிலேயே தொண்டை கட்டிவிட்டது. அவெலினோ மெல்ல எழுந்து போய் மோட்டாரை நிறுத்திவிட்டு வந்தார். எல்லோரும் நன்றியோடு தலையசைத்தார்கள்.

சாணிக்குளத்து மோட்டாரை அவர் நிறுத்தவில்லை. அது தூரத்தில் யார் காதிலும் விழாமல் ஓடிக்கொண்டிருந்தது. முதலில் சாணித் தண்ணீரை நிறுத்து, அப்புறம் கிணற்றை நிறுத்து என்பது எங்கள் பக்கத்துப் பால்பண்ணைக் குழந்தைக்குக்கூடத் தெரியும். அவெலினோவுக்குத் தெரியாமலில்லை. மனுஷன் மனதெல்லாம் ஜெபத்தில் இருந்தது. கிணற்றுக் குழாயில் தண்ணீர் திரும்பி இறங்காமல் தடுக்கும் வால்வு ஒன்று உண்டு. அது தேய்ந்து போய்ப் பல காலம். மாற்றலாம், மாற்றலாம் என்று சொல்லிக்கொண்டே இருந்தார்.

காபியும் இனிப்பு ரொட்டியும் முடிந்து வெளியே வந்தபோது, நிறுத்திய மோட்டாரின் தண்டு தானாகச் சுற்றிக்கொண்டிருந்தது, அதுவும் பின்பக்கமாக. தொட்டியில் சுழி விழுந்து, பச்சையும் கறுப்புமாகச் சாணித் தண்ணீர் கிணற்றுக்குள் இறங்கிக்கொண்டிருந்தது. அவர் ஓடிப்போய் எல்லாவற்றையும் மூடினார். யாரிடமும் சொல்லவில்லை.

ஒதேத்தின் வீட்டுக் கிணறு தெருவுக்கு அந்தப் பக்கம், நிலம் சரியும் திசையில் இருக்கிறது. ஆழமில்லாத கிணறு. எங்கள் பூமி வெறும் மணல், மேலே ஊற்றியதை ஒளித்து வைக்கத் தெரியாது. அந்த வீட்டில் ஒதேத்தின் மகள் லிசேத் கைக்குழந்தையோடு இருக்கிறாள். தாய்ப்பால் போதவில்லை என்று குழந்தைக்குப் பால்பவுடர் கலக்கிக் கொடுக்கிறார்கள். லிசேத்துக்கு ஞானஸ்நானத் தொட்டியருகே நின்ற ஞானத்தகப்பன் வேறு யாருமில்லை, நம் அவெலினோதான்.

இன்று சனிக்கிழமை. கிரீடம் இந்த வீட்டில் தங்கும் கடைசி நாள். நாளைக் காலை அவெலினோ அதைக் கையில் ஏந்தி, ஊர் பின்னால் வர, கோயிலுக்கு நடக்க வேண்டும்.

காலையில் அவர் செய்த முதல் காரியம் கடைத்தெருவுக்குப் போய்க் குடிதண்ணீர்க் கேன்கள் வாங்கியது. வண்டி நிறைய வாங்கினார். ஒதேத் வீட்டில் யாருமில்லை, கோயிலை அலங்கரிக்கப் போயிருந்தார்கள். கேன்களைச் சமையலறைக் கதவோரம் அடுக்கினார். ஒரு சீட்டெழுதி வைக்கலாமா என்று யோசித்து, என்ன எழுதுவது என்று தெரியாமல் வந்துவிட்டார். திரும்பும் வழியில் கொஞ்சம் மூச்சு விட முடிந்தது. குழந்தைக்கு நல்ல தண்ணீர் ஆயிற்று, மற்றதை மெதுவாகப் பார்த்துக்கொள்ளலாம் என்று மனதைத் தேற்றிக்கொண்டார். கோழைகளுக்கு இந்த மாதிரி ஆறுதல் சீக்கிரம் கிடைத்துவிடும்.

அவருடைய மகள் இதலினாவைப் பற்றி இங்கே சொல்ல வேண்டும். விவசாயக் கல்லூரியில் படித்துவிட்டு நகரத்தில் வேலை பார்த்தவள். அம்மாவின் நோய்க்காக ஊருக்கு வந்தாள், அப்புறம் திரும்பிப் போகவில்லை. மாடுகளை அப்பா பார்த்துக்கொள்கிறார். சாணிக்குளம், பாசனம், எந்த வயலுக்கு எவ்வளவு என்பதெல்லாம் அவள் பொறுப்பு. இருவருக்கும் மாட்டைப் பற்றியும் தண்ணீரைப் பற்றியும் மட்டும்தான் பேச வரும்.

மத்தியானம் அவள் கிணற்று மோட்டாரைப் போட்டாள். முதலில் வந்த தண்ணீர் நுரைத்துக்கொண்டு வந்தது. குனிந்து முகர்ந்தாள். மோட்டாரை நிறுத்திவிட்டு, கன்றுகளுக்குப் பால் வைத்துக்கொண்டிருந்த அப்பாவிடம் நேராக வந்தாள்.

"சாணித் தண்ணி கிணத்துக்குள்ள போயிருக்கா?"

அவர் கன்றின் தலையைத் தடவிக்கொண்டே நின்றார். துரு என்று சொல்லிப் பார்த்தார். துருவுக்கு இந்த வாசனை கிடையாது என்றாள். அப்புறம் அவர் எல்லாவற்றையும் சொன்னார். சொல்லும்போது அவளைப் பார்க்கவில்லை.

"ஒதேத் அத்தைகிட்ட சொல்லிட்டீங்களா?"

"தண்ணி கேன் கொண்டுபோய் வச்சிருக்கேன்."

"அதைக் கேக்கல நான்."

அவர் கெஞ்சினார். நாளைக் கிரீடம் போகட்டும், போன மறுநிமிஷம் சொல்லிவிடுகிறேன் என்றார். உங்கள் அம்மா இத்தனை வருஷம் காத்திருந்த கிரீடம், அதைச் சுமக்கும்போது ஊர் என்னை எப்படிப் பார்க்கும் என்றார். பெற்ற மகள் முன்னால் கெஞ்சுவது அவருக்கே அருவருப்பாக இருந்தது, ஆனாலும் நிறுத்த முடியவில்லை.

இதலினா கத்துவாள் என்று எதிர்பார்த்தார். அவள் கத்தவில்லை. இன்று ஜெபமாலை முடிவதற்குள் நீங்களே சொல்லிவிடுங்கள், இல்லையென்றால் நான் சொல்லிவிடுவேன் என்று மட்டும் சொல்லிவிட்டுத் திரும்பிப் போனாள். போகும்போது அவள் முகமும் நன்றாக இல்லை. அப்பா மேல் கோபம் என்று அவர் நினைத்தார். விஷயம் அது மட்டுமில்லை, அதற்கு வருகிறேன்.

சாயங்காலம் வீடு நிரம்பிவிட்டது. கடைசி நாள் என்பதால் விருந்தும் உண்டு. பெரிய பெரிய பாத்திரங்களில் மாட்டிறைச்சி வெந்து, புதினா போட்ட அந்தச் சூப்பை ரொட்டித் துண்டுகள் மேல் ஊற்றித் தருவதற்குப் பெண்கள் தயாராக நின்றார்கள். அவெலினோ இருக்கிற ஒரே கோட்டைப் போட்டுக்கொண்டு வாசலில் நின்று வந்தவர்களை வரவேற்றார். கைகுலுக்கிய ஒவ்வொருவரும் உம்பெர்த்தா இருந்திருந்தால் எவ்வளவு சந்தோஷப்பட்டிருப்பாள் என்றார். அவள் இல்லாததே நல்லது என்று அவருக்குத் தோன்றியது. அப்படித் தோன்றியதற்கும் வெட்கப்பட்டார்.

ஜெபம் நடந்தது. அவர் வாய் தானாக அசைந்தது. முடிந்ததும் பேச வேண்டும் என்று முடிவு செய்து வாசகங்களைக் கோத்துப் பார்த்தார். எப்படித் தொடங்கினாலும் இரண்டாவது வாக்கியத்தில் நாக்கு மடங்கியது.

கடைசி ஆமென் முடிந்தது. அவர் எழுந்திருப்பதற்குள் ஒதேத் எழுந்துவிட்டாள்.

ஒதேத்துக்குப் பேச்சு என்றால் கொள்ளைப் பிரியம். ஊரில் கல்யாணமோ கருமாதியோ, அவள் நாலு வார்த்தை பேசாமல் முடியாது. கிரீடத்துக்கு முன்னால் போய் நின்று, இந்த வீட்டுக்காரரைப் பற்றி ஒன்று சொல்லியே ஆக வேண்டும் என்று தொடங்கினாள்.

"இன்னிக்கு கோயில்லேர்ந்து வந்து பாக்கறேன், சமையக்கட்டு வாசல்ல தண்ணி கேனா அடுக்கிக் கெடக்கு. யாருன்னு சொல்லல, எதுக்குன்னு சொல்லல. தெருக்கோடி வீட்டுக்காரர் பார்த்துட்டு வந்து சொன்னாரு, நம்ம கொம்பாத்ரே வண்டின்னு."

கொம்பாத்ரே என்றால் பிள்ளையின் ஞானத்தகப்பன். எங்கள் ஊரில் உடன்பிறந்த அண்ணனைவிட ஒரு படி மேல்.

"எனக்கு உடனே புரிஞ்சுபோச்சு. விருந்துக்கு வர்ற ஜனங்களுக்குத்தான் வாங்கியிருக்காரு. தன் வீட்டுல எடமில்ல, எங்கிட்ட குடுத்து வச்சிருக்காரு. எல்லாத்தையும் இங்க கொண்டாந்துட்டேன். ஒண்ணைக்கூட நாங்க தொடல. ஆவியானவருக்குன்னு குடுத்ததை வீட்டுக்கு எடுக்கலாமா?"

எல்லோரும் கை தட்டினார்கள். அவெலினோவின் முதுகில் யாரோ தட்டினார்கள். ஜன்னலுக்கு வெளியே பார்த்தால் நிஜமாகவே கேன்கள் மேஜை மேல் வரிசையாக இருந்தன. ஜனங்கள் கோப்பை கோப்பையாக ஊற்றிக் குடித்துக்கொண்டிருந்தார்கள்.

திருடனைப் பிடித்துக் கட்டிப்போட்டால்கூட இப்படி இருக்காது. அவரைப் புகழ்ந்தல்லவா கொல்கிறார்கள்.

சுவரோரம் நின்ற இதலினா அவரையே பார்த்துக்கொண்டிருந்தாள். பக்கத்து நாற்காலியில் லிசேத் உட்கார்ந்து, பையிலிருந்து குழந்தையின் புட்டியை எடுத்தாள். வீட்டிலிருந்து பிளாஸ்கில் கொண்டுவந்த வெந்நீரை ஊற்றி, பவுடரைப் போட்டுக் குலுக்கினாள். குழந்தை துவார்த் பசியில் கையைச் சப்பிக்கொண்டிருந்தான்.

அவெலினோ நடந்து போனார். அவள் கையிலிருந்து புட்டியை வாங்கினார். பிடுங்கினார் என்றுதான் சொல்ல வேண்டும்.

"இதைக் குடுக்காதம்மா."

லிசேத் சிரித்தாள். "கொதிக்க வச்ச தண்ணிதான், ஞானப்பா. அம்மா நல்லா சுண்டக் கொதிக்க வச்சுதான் தருவாங்க."

இதலினா கண்ணை மூடிக்கொண்டாள். கொதிக்க வைத்தால் கிருமி சாகும். சாணித் தண்ணீரிலிருந்து இறங்கும் நைட்ரேட் சாகாது, தண்ணீர் சுண்டச் சுண்ட அது கெட்டிப்படும். கைக்குழந்தையின் ரத்தத்தில் பிராணவாயு சேராமல் செய்துவிடும்.

அவெலினோ சொன்னார். கோத்து வைத்த வாசகம் எதுவும் வரவில்லை. மோட்டாரை நிறுத்தினேன், சாணிக்குளத்தை நிறுத்தவில்லை, கிணற்றுக்குள் போய்விட்டது, உங்கள் கிணற்றுக்கும் வந்திருக்கும், கேன்கள் குழந்தைக்காக வாங்கியவை. அவ்வளவுதான். புட்டியைக் கையில் வைத்துக்கொண்டே சொன்னார்.

ஆண்கள் தங்கள் காலணியைப் பார்த்தார்கள். அந்த அறையில் பாதிப்பேர் பால்பண்ணைக்காரர்கள், அவரவர் கிணற்றின் வால்வு அவரவர் ஞாபகத்துக்கு வந்திருக்கும். ஒருவர் தண்ணீர்க் கோப்பையை ஜன்னல் திட்டில் ஓசைப்படாமல் வைத்தார்.

ஒதேத் கேட்டாள், "எப்பலேர்ந்து தெரியும்?"

"புதன்கிழமையிலேர்ந்து."

"வியாழக்கிழமை எங்க வீட்டு வாசல்ல நின்னு பேசினீங்க. நேத்து குழந்தையைத் தூக்கி வச்சுக்கிட்டீங்க."

"ஆமா."

அவள் கொஞ்ச நேரம் கிரீடத்தைப் பார்த்தாள். பிறகு, அவள் குரலில் யாரும் கேட்டிராத தணிவோடு சொன்னாள்.

"கை மறந்து போச்சு. என் தொண்டைக்காகத்தான் மறந்துச்சு. அதை நான் இந்த நிமிஷமே மன்னிச்சிடறேன், கொம்பாத்ரே. தெரிஞ்சும் வாயை மூடிக்கிட்டு இருந்தீங்க பாருங்க, அதை எப்படி மன்னிக்கறதுன்னு எனக்குத் தெரியல."

லிசேத் குழந்தையைத் தூக்கிக்கொண்டு வெளியே போனாள். அவெலினோ மேஜையிலிருந்த கேன்களில் மிச்சமிருந்தவற்றைக் கோட்டுப் போட்டபடியே சுமந்துகொண்டு தெருவைக் கடந்தார். உதவ வந்தவர்களை வேண்டாம் என்றார். ஊர் பார்த்துக்கொண்டு நின்றது. அவமானம்தான், ஆனால் புதன்கிழமையிலிருந்து இப்போதுதான் அவர் நிமிர்ந்து நடந்தார்.

இதலினா அவருக்கு முன்னாலேயே ஒதேத்தின் சமையலறைக்கு வந்துவிட்டாள். முதலில் குழந்தையை விளக்கடியில் தூக்கி உதட்டிலும் நகத்திலும் நீலம் பூத்திருக்கிறதா என்று பார்த்தாள். சிவப்பாகத்தான் இருந்தன. இருந்தாலும் இன்றே ஆஸ்பத்திரிக்குப் போய்க் காட்டிவிடலாம் என்றாள். லிசேத் தலையாட்டிவிட்டுக் குழந்தையோடு துணி எடுக்க உள்ளே போனாள். இதலினா தான் கொண்டுவந்திருந்த, தண்ணீரில் நைட்ரேட்டைக் காட்டும் காகிதப் பட்டையை எடுத்து, குழாய்த் தண்ணீரில் முக்கினாள். வெளிர் ரோஜா நிறமாக இருந்தால் பயமில்லை. பட்டை கருஞ்சிவப்பாக மாறியது.

ஒதேத் அதைப் பார்த்தாள். உறைபெட்டியைத் திறந்தாள். உள்ளே பால் டப்பாக்களில் பனிக்கட்டி நிறைய இருந்தது. எங்கள் பெண்கள் திருவிழாப் பானத்துக்காக முன்கூட்டியே இப்படி உறைய வைத்துவிடுவார்கள்.

"கேனையெல்லாம் ஜனங்க தெறந்து கைய வச்சுட்டாங்க, புள்ளைக்கு ஆகாது. இது ஈஸ்டருக்கு முந்தின பெரிய வாரத்துல பிடிச்சது, புதன்கிழமைக்கு ரொம்ப முந்தி. நல்ல தண்ணி. ஆஸ்பத்திரி கிளம்பறதுக்குள்ள இதை உருக்கி ஒரு புட்டி கலந்துடறேன். பச்சப்புள்ள, பசியில கத்தறான்."

ஒரு டப்பாவை வெந்நீரில் நிற்க வைத்தாள். ஓரம் உருகிக் கொஞ்சம் தண்ணீர் வந்தது. இதலினா தடுக்கவில்லை. ஒரு பட்டையை எடுத்து அதில் முக்கினாள். முக்குவதற்கு முன்பே அவளுக்குப் பதில் தெரியும்.

அதே கருஞ்சிவப்பு.

ரயில் பாதைக்கு அந்தப் பக்கம் போர்பாக்களுக்கு இன்னொரு வயல் இருக்கிறது. அங்கே சாணித் தண்ணீர் கொண்டுபோகும் குழாய் வெடித்தது இதலினா பொறுப்பேற்ற முதல் குளிர்காலத்தில். மழையில் குளம் ததும்பியது, எங்காவது விட்டாக வேண்டும். எல்லாவற்றையும் வீட்டையொட்டிய வயலிலேயே விட்டாள். குழாயை அடுத்த வருஷம் சரிசெய்யலாம் என்று சொல்லிக்கொண்டாள். அடுத்த வருஷமும் அதையே சொன்னாள், அதற்கடுத்த வருஷங்களிலும் அதையேதான் செய்தாள். சோளம் எவ்வளவு குடிக்கும், மிச்சம் மணல் வழியே எங்கே இறங்கும் என்று அந்த ஊரிலேயே சரியாகத் தெரிந்தவள் அவள்தான். மத்தியானம் அப்பாவிடம் அவளால் கத்த முடியாமல் போனதற்கு அதுதான் காரணம்.

இப்போது பேசாமல் இருந்தால் போதும். புதன்கிழமைத் தவறு எல்லாவற்றையும் மூடிவிடும். அப்பா ஏற்றுக்கொண்டாயிற்று, ஊர் கேட்டாயிற்று.

ஒதேத் பவுடர் டப்பாவைத் திறந்தாள்.

"வேண்டாம் அத்தை. அதையும் குடுக்காதீங்க."

"ஏன்? இது பழைய தண்ணிடி. அன்னிக்கு உங்கப்பா ஒண்ணும் பண்ணலையே."

கதவருகே கேன்களை இறக்கி வைத்துக்கொண்டிருந்த அவெலினோ நிமிர்ந்தார்.

"அப்பா பண்ணினது ஒரு சாயங்காலம்," என்றாள் இதலினா. பட்டையை மேஜை மேல், ஒதேத்துக்கு நன்றாகத் தெரியும்படி வைத்தாள். "இது நான் பண்ணினது. நாலு வருஷமா."

ஒதேத்தின் கையில் கரண்டி பவுடரோடு அப்படியே நின்றது. உள்ளே குழந்தை அழுதுகொண்டிருந்தது. கதவருகே நின்ற அப்பா, ஒரு மணி நேரத்துக்கு முன்னால் ஊர் தன்னைப் பார்த்தது போலவே, மகளைப் பார்த்தார்.